ஆரம்பகால ரஷ்ய கான்சல் ஒருவரின் வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து எழுதுவது எப்படி

அயல்நாட்டு ஊரில் இருந்துகொண்டு ஒரு நாட்டின் வணிகத்தையும் குடிமக்களையும் கவனித்துக்கொள்ளும் அரசுப் பிரதிநிதியே கான்சல். பீட்டர் மன்னரின் ஆட்சியில்தான் ரஷ்யா அயல்நாட்டுத் துறைமுகங்களிலும் தலைநகரங்களிலும் கான்சல்களை அமர்த்தத் தொடங்கியது. 1721–22-ல் பெய்ஜிங்கில் லோரென்ஸ் லாங்கே, 1720-களில் ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்தில் யாகவ் எவ்ரெய்னவ். அடுத்த நூற்றாண்டில் பாஸ்டனில் அலெக்ஸி எவ்ஸ்தாஃபியெவ், ரியோ டி ஜனைரோவில் கிரிகோரி லாங்ஸ்டார்ஃப், ஜப்பானின் ஹகோடாடேயில் யோசிஃப் கோஷ்கேவிச். இவர்களில் யாருடைய வாழ்க்கையை எழுதினாலும், நடந்த சம்பவங்களிலிருந்து தொடங்கினால் கதை சீக்கிரமே குழம்பிவிடும். தேதி, பதவி வகுப்பு, சம்பளம், கடிதம் போய்ச் சேர ஆன காலம் ஆகிய நான்கையும் முதலில் நேர்செய்யுங்கள். ஒரு கான்சல் ஏன் தயங்கினார், ஏன் கேட்காமலே ஒரு முடிவெடுத்தார், ஏன் திடீரென்று வணிகரிடம் கடன் வாங்கினார் என்பதற்கெல்லாம் பெரும்பாலும் இந்த நான்கில்தான் விடை இருக்கும்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் கோஷ்கேவிச்சை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அவருடைய காலத்தில் மூன்று நாட்காட்டிகள், நான்கு மொழிகள், இரண்டு ரஷ்ய அமைச்சகங்கள் எல்லாம் ஒரே சிறிய துறைமுகத்தில் மோதிக்கொண்டன. அவர் வாழ்க்கையை ஒழுங்காக அடுக்கத் தெரிந்தால் மற்றவர்களுடையது எளிது.

யாரைத் தேர்ந்தெடுப்பது

ரஷ்ய கான்சல்களில் இரண்டு வகை உண்டு. அரசுச் சம்பளப் பட்டியலில் இருந்த 'ஷ்தாத்னி' கான்சல் ஒரு வகை. உள்ளூர் வணிகராகவே இருந்துகொண்டு ரஷ்யக் கொடியையும் முத்திரையையும் வைத்திருந்த 'நேஷ்தாத்னி' கான்சல் இன்னொரு வகை. இரண்டாவது வகையினருக்குப் பணிப்பதிவு மிகக் குறைவு. பலர் ரஷ்யாவைப் பார்த்ததே இல்லை. அவர்களுடைய வாழ்க்கை அந்தந்த ஊர் வணிகப் பதிவுகளிலும் நோட்டரி ஏடுகளிலும்தான் இருக்கும். முதன்முறை இந்த வேலையில் இறங்குபவர்கள் சம்பளக் கான்சலையே எடுத்துக்கொள்வது நல்லது.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள, பேரரசு ஆண்டுதோறும் அச்சிட்ட அதிகாரிகள் பட்டியலைப் பாருங்கள். 1765 முதல் 1842 வரை அது 'மேசியத்ஸஸ்லோவ்' என்ற பெயரில் வந்தது. 1843 முதல் 'அத்ரெஸ்-கலெந்தார்'. வெளியுறவுத் துறைப் பகுதியில் ஊர்வாரியாகக் கான்சல்களின் பெயர், பதவி வகுப்பு, விருதுகள் இருக்கும். இதில் ஒரு பொறி: பட்டியல் அச்சாவதற்குள் தகவல் பழையதாகிவிடும். ஒருவர் ஊரை விட்டுப் போன பிறகும் ஒரு பதிப்பில் அவர் பெயர் நீடிக்கலாம். அதனால் அடுத்தடுத்த மூன்று ஆண்டுப் பதிப்புகளை ஒப்பிட்ட பிறகே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

பெயர்த் தாள்

ஒரு தனித் தாளில் அவருடைய பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். லாங்ஸ்டார்ஃப் ஜெர்மனியில் பிறந்த கியோர்க் ஹைன்ரிஷ். ரஷ்ய ஆவணங்களில் கிரிகோரி இவானவிச். எவ்ஸ்தாஃபியெவ் அமெரிக்க நாளிதழ்களில் அலெக்சிஸ் யூஸ்டாஃபீவ் ஆகிவிடுகிறார். லாங்கே ரஷ்ய ஏடுகளில் லவ்ரேந்தி லாங். கோஷ்கேவிச்சின் பெயரை கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில் எழுதியபோது எழுத்தர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஆங்கில, பிரெஞ்சு வடிவங்கள் தனி.

ரஷ்யப் பெயரில் நடுவில் வரும் தந்தை பெயரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அதே குடும்பப் பெயருள்ள இருவரை ஒருவராக்கிவிடும் பிழை, தந்தை பெயரை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலும் நேர்கிறது. 1918-க்கு முந்தைய ரஷ்ய எழுத்துமுறையையும் ஒரு வாரம் ஒதுக்கிப் பழகிக்கொள்ளுங்கள். 'யாத்', 'ஃபித்தா' போன்ற நீக்கப்பட்ட எழுத்துகள் அதில் உண்டு. மெய்யில் முடியும் சொற்களின் கடைசியில் வன்குறி (ъ) என்ற எழுத்து நிற்கும். இணையத்தில் தேடும்போது புதிய எழுத்துமுறையில் மட்டும் தேடினால், பழைய அச்சுப் பக்கங்கள் பல கண்ணில் படாமல் போய்விடும். கையெழுத்துப் படிகளுக்கு ட்ரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள் உதவும். ஆனால் அது படித்துத் தரும் எண்களையும் பெயர்களையும் ஒவ்வொன்றாக மூலத்தோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

நாட்காட்டி

அதிகப் பிழைகள் நேரும் இடம் இதுதான்.

ரஷ்யா 1918 பிப்ரவரி வரை ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. கிரிகோரியன் தேதி பெற, 1700 மார்ச் முதல் 1800 பிப்ரவரி இறுதி வரை 11 நாள், 1800 மார்ச் முதல் 12 நாள், 1900 மார்ச் முதல் 13 நாள் கூட்டுங்கள். 1700-க்கு முந்தைய ரஷ்ய ஆவணம் என்றால் ஆண்டே வேறு: உலகம் படைக்கப்பட்டதாகக் கொண்ட நாளிலிருந்து எண்ணி, செப்டம்பர் 1-ல் புத்தாண்டு தொடங்கினார்கள். 1700 ஜனவரி 1 முதல் பீட்டர் அதை மாற்றினார்.

19-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய டிசம்பர் 20 அல்லது அதற்குப் பிந்தைய தேதி கண்ணில் பட்டால் உடனே நின்றுவிடுங்கள். அது மேற்கத்திய நாட்காட்டியில் அடுத்த ஆண்டு. ஒருவரது நியமன ஆண்டு இரண்டு நூல்களில் இரண்டு விதமாக இருந்தால், முதலில் பார்க்க வேண்டிய காரணம் இதுதான்.

ஜப்பானில் கணக்கு இன்னும் சிக்கல். 1872 முடியும் வரை அங்கே சந்திர-சூரிய நாட்காட்டி. ஆண்டுகளைச் சகாப்தப் பெயரால் சொன்னார்கள். சில ஆண்டுகளில் ஒரு மாதம் கூடுதலாக வரும். புன்க்யூ 2-ல், அதாவது 1862-ல், எட்டாம் மாதம் இரண்டு முறை வந்தது. ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் முதல் உறவை ஏற்படுத்திய ஷிமோடா ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். ரஷ்யப் படியில் அது 1855 ஜனவரி 26. மேற்கத்திய நாட்காட்டியில் 1855 பிப்ரவரி 7. ஜப்பானியப் படியில் அன்செய் முதல் ஆண்டு, பன்னிரண்டாம் மாதம், 21-ஆம் நாள். அன்செய் முதல் ஆண்டை அட்டவணையில் பார்த்தால் 1854 என்றிருக்கும். அதை அப்படியே எடுத்தால் ஒப்பந்தம் ஒரு வருடம் முன்னால் போய்விடும். சகாப்த ஆண்டை மட்டும் மாற்றுவது போதாது, மாதத்தையும் நாளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் மூன்று தேதிக் கட்டங்கள் வையுங்கள்: மூலத்தில் உள்ளபடி, ஜூலியன், கிரிகோரியன். மூலத் தேதியை ஒருபோதும் அழிக்காதீர்கள். பிரெஞ்சு மொழியில் எழுதும்போது ரஷ்ய அதிகாரிகள் இரண்டு தேதிகளையும் மேலும் கீழுமாக ஒரு கோடிட்டு எழுதுவது வழக்கம். அப்படி இருந்தால் உங்கள் வேலை குறையும். ஒரே தேதி மட்டும் இருந்தால், அவர் யாருக்கு எழுதினார் என்று பாருங்கள். பீட்டர்ஸ்பர்க் அமைச்சகத்துக்கு எழுதியது பெரும்பாலும் பழைய கணக்கு. உள்ளூர் ஆளுநருக்கோ வேற்று நாட்டுக் கான்சலுக்கோ எழுதியது புதிய கணக்காகவும் இருக்கலாம்.

அடுத்து, 'பணி தொடங்கிய நாள்' என்று ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். நியமன உத்தரவு, புறப்பாடு, வந்துசேர்ந்த நாள், உள்ளூர் அரசு அவரைக் கான்சலாக ஏற்று ஒப்புதல் வழங்கிய நாள், பொறுப்பேற்ற நாள், பொறுப்பை ஒப்படைத்த நாள் எல்லாம் தனித்தனி. எவ்ஸ்தாஃபியெவ் நியமனமானது 1808. பாஸ்டனில் வேலை தொடங்கியது 1809. லாங்ஸ்டார்ஃபுக்கு 1812-ல் நியமனம், 1813-ல் ரியோ. இடைப்பட்ட மாதங்களில் அவர்கள் கான்சல்தான், ஆனால் அந்த ஊரில் இல்லை.

பதவி வகுப்பு

1722-ல் பீட்டர் வகுத்த பதவிப் பட்டியலில் 14 வகுப்புகள். எண் குறையக் குறைய உயரம் கூடும். 'கான்சல்' என்பது வேலையின் பெயர், வகுப்பு வேறு. 9-ஆம் வகுப்பு தித்துலியார்னி சவேத்னிக், 8 கொலேஜ்ஸ்கி அசெஸர், 7 நத்வோர்னி சவேத்னிக், 6 கொலேஜ்ஸ்கி சவேத்னிக், 5 ஸ்தாத்ஸ்கி சவேத்னிக் என்ற ஏணியை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கான்சல்களின் வாழ்க்கை இந்த ஐந்து படிகளுக்குள்தான் நடந்தது.

இதன் பயன் பெரியது. தேதியில்லாத ஒரு கடிதம் கையில் இருக்கிறது என்று வையுங்கள். கான்சலை 'வாஷே பிளகரோதியே' என்று விளித்திருந்தால் அவர் அப்போது 14 முதல் 9 வரையான வகுப்பில் இருந்தார். 'வாஷே விசகபிளகரோதியே' என்றால் 8 முதல் 6. 'வாஷே விசகரோதியே' என்றால் 5. 'வாஷே ப்ரெவஸ்ஹதீத்யெல்ஸ்த்வா' என்றால் 4 அல்லது 3. அவர் எந்த ஆண்டு எந்த வகுப்புக்கு உயர்ந்தார் என்பது பணிப்பதிவில் இருக்கும். இரண்டையும் பொருத்தினால் கடிதத்தின் காலம் ஓரிரு ஆண்டுக்குள் அடங்கிவிடும். நண்பர்களுக்குள் எழுதிய கடிதத்துக்கு இது பொருந்தாது. அங்கே பெயரும் தந்தை பெயரும்தான் விளி.

வகுப்பு குடும்பத்தின் தலைவிதியையும் தீர்மானித்தது. 1845 வரை 8-ஆம் வகுப்பை எட்டிய அதிகாரி பரம்பரைப் பிரபு ஆனார். 1845-ல் அந்த எல்லை 5-ஆம் வகுப்புக்கும் 1856-ல் 4-ஆம் வகுப்புக்கும் உயர்த்தப்பட்டது. மதகுரு குடும்பத்திலிருந்து வந்த ஒருவருக்கு, தொலைதூரப் பணியை ஏற்பதில் இது எவ்வளவு பெரிய கணக்காக இருந்திருக்கும் என்பதை மறக்காமல் எழுதுங்கள். கோஷ்கேவிச் அத்தகையவர். 1814-ல் இன்றைய பெலாரஸ் மண்ணில் பிறந்து, பீட்டர்ஸ்பர்க் சமயக் கல்விக்கூடத்தில் படித்து, 1840-களில் பெய்ஜிங்கின் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைப் பணிக்குழுவில் ஏறத்தாழ பத்தாண்டு இருந்தவர். சீன எழுத்து தெரிந்ததால்தான் தளபதி புத்யாத்தினின் ஜப்பான் பயணத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆனார்.

அவருக்கு என்ன அதிகாரம் இருந்தது

கான்சல் தூதர் அல்ல. இந்த வேறுபாட்டைக் கவனிக்காத வாழ்க்கை வரலாறு தவறான திசையில் போய்விடும். 1815-ல் ஃபிலடெல்ஃபியாவில் ரஷ்யத் தலைமைக் கான்சல் நிகலாய் கஸ்லோவ் ஒரு குற்றவியல் வழக்கில் கைதானபோது, தூதருக்குரிய விலக்குரிமை கான்சலுக்கு உண்டா என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்கா இல்லை என்றது. ரஷ்யத் தூதர் அந்திரேய் தஷ்கோவ் 1816-ல் உறவையே நிறுத்திவைக்கும் அளவுக்கு விஷயம் முற்றியது. பாஸ்டனில் உட்கார்ந்திருந்த எவ்ஸ்தாஃபியெவின் நிலையும் சட்டப்படி கஸ்லோவின் நிலைதான்.

ஜப்பானில் நேர்மாறு. ஷிமோடா ஒப்பந்தமே, குற்றம் செய்த ரஷ்யரை ரஷ்யச் சட்டப்படிதான் தண்டிக்க வேண்டும் என்றது. அங்கே கான்சல் ஒரு விதத்தில் நீதிபதியும்கூட. அதனால் ஒவ்வொரு பணியிடத்துக்கும் மூன்று தாள்களைத் தேடி எடுங்கள்: அந்த நாட்டோடு செய்த ஒப்பந்தம், ரஷ்யாவின் பொதுக் கான்சல் விதிகள், அவருக்கென்று தனியாக எழுதிக் கொடுத்த அறிவுறுத்தல். பொது விதிகள் 1820, 1858, 1903 ஆகிய ஆண்டுகளில் வந்தவை. 1858 விதி ஐரோப்பா, அமெரிக்கா கான்சல்களுக்கானது. பாரசீகம், சீனம், ஜப்பான் என்றால் ஒப்பந்தமும் தனி அறிவுறுத்தலும்தான் கனமானவை. ஒப்பந்தங்களையும் விதிகளையும் பேரரசின் முழுச் சட்டத் தொகுப்பில் பார்க்கலாம். முதல் தொகுப்பு 1649 முதல் 1825 வரை, இரண்டாவது 1881 வரை, மூன்றாவது 1913 வரை. அங்கேயுள்ள தேதிகள் எல்லாம் பழைய கணக்கு.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது எந்த மொழிப் படி என்பதையும் குறியுங்கள். ஷிமோடாவில் ரஷ்யம், ஜப்பானியம், டச்சு, சீனம் என்று நான்கு படிகள் இருந்தன. இரு தரப்பும் டச்சு வழியாகத்தான் ஒருவரையொருவர் புரிந்துகொண்டன. பின்னாளில் வந்த தகராறுகளில் சில, இந்தப் படிகள் ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தாததால் வந்தவை.

கடிதங்கள்

ஆவணக் காப்பகத்தில் முதல் இலக்கு மாஸ்கோவிலுள்ள ரஷ்யப் பேரரசின் வெளியுறவுக் கொள்கை ஆவணக் காப்பகம். அங்கே முகவரி நான்கு படியாக இருக்கும்: ஃபோண்ட் (தொகுப்பு), ஓபிஸ் (பட்டியல்), தேலோ (கோப்பு), லிஸ்ட் (தாள்). லிஸ்ட் என்பது தாளின் எண், பக்கத்தின் எண் அல்ல. பின்பக்கமென்றால் 'ஒபரோத்' என்று சேர்த்து எழுத வேண்டும். இதை விட்டுவிட்டுக் குறிப்பெடுத்தால், பிறகு ஒரு வரியைச் சரிபார்க்கக் கட்டு முழுவதையும் புரட்ட நேரும். பணிப்பதிவு வேண்டுமென்றால் ஊழியர் மற்றும் பொருளாதார அலுவல் துறையின் ஃபோண்டைக் கேளுங்கள். ஜப்பான் தொடர்பானவற்றுக்கு 'யபோன்ஸ்கி ஸ்தோல்' என்ற ஜப்பான் மேசையையும் பீட்டர்ஸ்பர்க் தலைமை ஆவணத் தொகுப்பையும் பாருங்கள். 1819-ல் ஆசியத் துறை தனியாக உருவானது; அதன்பின் கிழக்கிலிருந்த கான்சல்கள் அந்தத் துறைக்கே எழுதினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அமைச்சகங்களுக்குப் பதிலாகக் கொல்லேகியா என்ற அரசு வாரியங்கள் இருந்தன; அந்தக் காலக் கான்சலுக்கு வெளியுறவுக் கொல்லேகியாவோடு வணிகக் கொல்லேகியாவின் ஏடுகளும் வேண்டும்.

ஒரு அறிக்கை கையில் கிடைத்தால் உடனே உள்ளடக்கத்துக்குப் போகாதீர்கள். மேல் ஓரத்தைப் பாருங்கள். எழுதிய தேதியும் எண்ணும் கான்சல் போட்டவை. 'பலூச்சினோ' ('பெறப்பட்டது') என்று ஆரம்பிக்கும் குறிப்பு அமைச்சகத்தில் வந்துசேர்ந்த தேதி. ஓரத்தில் பென்சில் கோடும் அதன் மேல் பளபளப்பான வார்னிஷ் பூச்சும் இருந்தால், மன்னரே படித்துக் குறியிட்டிருக்கிறார் என்று பொருள். பேரரசரின் பென்சில் குறி அழியக்கூடாது என்று அதன்மேல் வார்னிஷ் பூசிப் பாதுகாத்தார்கள். எண்களையும் வரிசையாக அடுக்குங்கள். 14-க்குப் பிறகு 17 வந்தால் இடையில் இரண்டு அறிக்கைகள் வேறொரு கட்டுக்குள் போயிருக்கின்றன, அல்லது கடலில் போய்விட்டன.

இப்போது ஒரு அட்டவணை போடுங்கள். முதல் நிரலில் கான்சல் எழுதிய நாள், இரண்டாவதில் பீட்டர்ஸ்பர்க்கில் சேர்ந்த நாள், மூன்றாவதில் பதில் புறப்பட்ட நாள், நான்காவதில் பதில் அவர் கையில் கிடைத்த நாள். முப்பது நாற்பது கடிதங்களுக்கு இதைச் செய்தாலே அவருடைய தனிமை கண்முன் வரும். ஹகோடாடேயிலிருந்து ஒரு கடிதம் கப்பலில் அமூர் முகத்துவாரத்து நிகலாயெவ்ஸ்குக்குப் போய், அங்கிருந்து சைபீரியா முழுவதையும் தரைவழி கடக்க வேண்டும். குளிர்காலத்தில் அந்த முகத்துவாரம் உறைந்துவிடும். இலையுதிர்காலத்தின் கடைசிக் கப்பலைத் தவறவிட்ட கேள்விக்கு அடுத்த கோடைக்கு முன் பதில் வராது. ஆகவே 'அவர் அமைச்சகத்தின் கொள்கையை மீறினார்' என்று எழுதுவதற்கு முன், அந்தக் கொள்கை அவர் கையில் கிடைத்த நாள் எது என்று நான்காவது நிரலைப் பாருங்கள். கிடைக்காத உத்தரவை யாரும் மீற முடியாது. எழுதப்பட்ட பல வாழ்க்கை வரலாறுகள் இந்த இடத்தில் கான்சல்களுக்கு அநியாயம் செய்கின்றன.

பதில் யாரிடமிருந்து வந்தது என்பதும் முக்கியம். வெளியுறவு அமைச்சர் 1856 முதல் கர்ச்சக்கோவ். ஆனால் ஹகோடாடேயின் அன்றாட விஷயங்களைப் பார்த்தவர் ஆசியத் துறை இயக்குநர்: 1861 வரை எகோர் கவலேவ்ஸ்கி, பிறகு 1864 வரை நிகலாய் இக்னாத்யெவ். இயக்குநர் மாறினால் கடிதங்களின் தொனியும் மாறுகிறதா என்று பாருங்கள்.

கான்சலின் கடிதங்களை மட்டும் படித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும் என்பதற்கு 1861-ன் சுஷிமா விவகாரம் நல்ல சான்று. ரஷ்யப் போர்க்கப்பல் பஸாத்னிக் ஜப்பானின் சுஷிமா தீவில் முகாமிட்டபோது, ஜப்பானிய அதிகாரிகள் ஹகோடாடேயில் கோஷ்கேவிச்சிடம்தான் முறையிட்டார்கள். கப்பலோ கடற்படையின் கையில். கடற்படைத் தளபதி லிகச்சோவ் எழுதியது வெளியுறவு அமைச்சகத்துக்கு அல்ல, கடற்படைத் தலைமைக்கு. எனவே பீட்டர்ஸ்பர்க்கிலுள்ள கடற்படை ஆவணக் காப்பகத்தின் கட்டுகளையும் சேர்த்து அடுக்கினால்தான் கான்சலுக்கு என்ன தெரிந்திருந்தது, எது தெரியாமல் வைக்கப்பட்டது என்று பிரித்தறிய முடியும். கப்பல் வரவு, போக்கு, நோய், இறப்பு எல்லாம் கப்பல் குறிப்பேடுகளில் நாள்வாரியாக உண்டு. 1848 முதல் வெளிவந்த 'மார்ஸ்கோய் ஸ்போர்னிக்' என்ற கடற்படை இதழில் ஹகோடாடே செய்திகள் அச்சாகியிருக்கின்றன. காப்பகம் போக முடியாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

பணம்

ரூபிள் என்று எழுதியிருந்தால் எந்த ரூபிள் என்று கேளுங்கள். 1769 முதல் 'அசிக்னாத்சியா' காகித ரூபிள் இருந்தது. வெள்ளி ரூபிளோடு அதன் மதிப்பு ஏறி இறங்கியது. 1839-ல் ஒரு வெள்ளி ரூபிளுக்கு மூன்றரை காகித ரூபிள் என்று நிலைநிறுத்தினார்கள். ஆகவே 1830-களின் 3,500 ரூபிள் சம்பளமும் 1840-களின் 1,000 ரூபிள் சம்பளமும் ஒன்றாகவே இருக்கலாம். இது தெரியாமல் 'சம்பளம் வெட்டப்பட்டது' என்று எழுதிவிடுவது எளிது. 1858-ல் காகித ரூபிளை வெள்ளிக்கு மாற்றுவதை அரசு நிறுத்தியது. அதன்பின் வெளிநாட்டில் இருந்தவருக்கு மாற்று விகிதமே பெரிய கவலை.

உள்ளூர்ப் பக்கமும் கணக்கிடுங்கள். ஜப்பானியத் துறைமுகங்களில் மெக்சிகோ வெள்ளி டாலர் புழங்கியது. எடைக்கு எடை மாற்றும்போது 100 டாலருக்கு ஏறத்தாழ 311 இச்சிபு என்ற ஜப்பானிய வெள்ளி நாணயங்கள். கான்சலின் செலவுக் கணக்கு ரூபிள், டாலர், இச்சிபு என்று மூன்றிலும் ஓடும். ஒவ்வொரு தொகையையும் மூல நாணயத்திலேயே குறியுங்கள். இன்றைய பணமதிப்புக்கு மாற்றாதீர்கள். ஒப்பிட வேண்டுமென்றால், அதே அலுவலகத்தின் செயலாளர், மருத்துவர், சமையல்காரர் ஆகியோரின் ஊதியத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு கான்சல் எவ்வளவு வசதியாக இருந்தார் என்பதை அந்த விகிதம் நேர்மையாகச் சொல்லும்.

சம்பளத்தில் என்னென்ன அடங்கும் என்றும் பிரியுங்கள். அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகை, அலுவலகச் செலவு, பயணப்படி எல்லாம் தனித் தலைப்புகள். லாங்ஸ்டார்ஃப் 1816-ல் ரியோவுக்கு வடக்கே மந்தியோக்கா பண்ணையை வாங்கியது சொந்தக் கணக்கு. 1820-களில் பிரேசில் உள்நாட்டுக்கு நடத்திய ஆய்வுப் பயணத்துக்குப் பணம் தந்தவர் முதலாம் அலெக்ஸாந்தர். இரண்டையும் ஒரே பையில் போட்டால் அவருடைய வாழ்க்கையின் இரண்டாம் பாதியே புரியாமல் போகும்.

வீடும் ஆட்களும்

கோஷ்கேவிச் 1858-ன் பிற்பகுதியில் 'ஜிகித்' என்ற கப்பலில் மனைவியோடு ஹகோடாடே வந்தார். தனிக் கட்டடம் இல்லை. ஜப்பானியர்கள் முதலில் ஜித்சுக்யோ-ஜி என்ற பௌத்தக் கோவிலில் இடம் கொடுத்தார்கள். பிறகுதான் மலைச்சரிவில் கான்சல் அலுவலகமும் சிறு தேவாலயமும் எழுந்தன. அவருடன் மருத்துவர் அல்ப்ரெஹ்த், கடற்படை அதிகாரி நசீமவ், பாதிரியார் வசீலி மாஹவ் ஆகியோர் இருந்தனர். மாஹவ் உடல்நலம் கெட்டுத் திரும்ப, 1861-ல் இளம் துறவி நிகலாய் வந்தார்; ஜப்பானிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையை நிறுவியவர் அவரே. 1860-ல் தாவரவியலாளர் மாக்சிமோவிச்சும் அங்கே தங்கிச் செடிகள் சேகரித்தார். இப்படி அந்த வீட்டில் எந்த மாதம் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். பல கடிதங்களில் 'நாம்' என்று வரும். அந்த 'நாம்' யார் என்று இந்தப் பட்டியல்தான் சொல்லும்.

பிறப்பு, திருமணம், இறப்புக்குத் தேவாலயப் பதிவேடுகள். வெளிநாட்டு ரஷ்யத் தேவாலயங்கள் 19-ஆம் நூற்றாண்டில் பீட்டர்ஸ்பர்க் சமய நிர்வாகத்தின் கீழ் இருந்ததால், அந்த நிர்வாகத்தின் கட்டுகளை பீட்டர்ஸ்பர்க்கிலுள்ள மத்திய வரலாற்று ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். கோஷ்கேவிச்சின் மனைவி எலிஸவேத்தா 1864-ல் ஹகோடாடேயிலேயே இறந்தார். அடுத்த ஆண்டு அவர் ஊரை விட்டுப் புறப்படுகிறார். 1865 பற்றிய அத்தியாயத்தை எழுதும்போது ராஜதந்திரக் காரணங்களை மட்டும் அடுக்காமல், இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வையுங்கள்.

படங்கள் விஷயத்தில் எச்சரிக்கை. ஹகோடாடேயில் இன்று பயணிகள் படமெடுக்கும் செங்கல் கட்டடமான பழைய ரஷ்யக் கான்சலகம் 1908-ல் கட்டியது. கோஷ்கேவிச்சின் அலுவலகம் 1865-ல் தீயில் எரிந்துவிட்டது. அந்தச் செங்கல் வீட்டின் படத்தைப் போட்டு 'முதல் கான்சல் வாழ்ந்த இல்லம்' என்று எழுதுவது, மிகப் பரவலாகக் காணப்படும் பிழை. எந்த ஊரானாலும் கட்டடத்தின் ஆண்டைத் தீ, நிலநடுக்கம், இடமாற்றம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுவிட்டுப் படத்தைச் சேருங்கள்.

எதிர்ப் பக்கத்து ஏடுகள்

கான்சல் தன் மேலதிகாரிக்கு எழுதுவது தன்னைக் காத்துக்கொள்ளும் எழுத்தும்கூட. அதே வாரத்தில் எதிர்ப் பக்கத்தில் இருந்தவர் என்ன எழுதினார் என்று பார்ப்பதே சரியான எடைக்கல். ஹகோடாடே என்றால் அங்கிருந்த பகுஃபுவின் (ஷோகன் அரசின்) நிர்வாகியான புக்யோவின் அலுவலக ஏடுகள். இவை ஹொக்கைதோ மாகாண ஆவணக் காப்பகத்தில் உண்டு. பிரிட்டிஷ் கான்சல் அறிக்கைகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எஃப்.ஓ. 46 தொடரில். அமெரிக்காவிலிருந்த ரஷ்யத் தூதரகம் அந்த நாட்டு வெளியுறவுத் துறைக்கு 1809 முதல் அனுப்பிய குறிப்புகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் எம்39 நுண்படத்தில். 1862-க்குப் பிந்தைய ரஷ்யக் கான்சலகங்களின் சொந்த ஏடுகள் எம்1486-ல். மும்பையில் 1900-ல் பொறுப்பேற்ற முதல் ரஷ்யத் தலைமைக் கான்சல் வசீலி க்ளெம் பற்றித் தேடுபவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகப் பதிவுகளையும் டெல்லியிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் வெளியுறவுத் துறைக் கோப்புகளையும் பார்க்க வேண்டும். அவரை யார் சந்தித்தார்கள் என்பதில் ஆங்கிலேய அரசுக்கு மிகுந்த அக்கறை இருந்தது.

உள்ளூர் நாளிதழ்களை விடாதீர்கள். எவ்ஸ்தாஃபியெவ் லண்டன் ரஷ்யத் தேவாலயப் பாடகராக இருந்து கான்சலானவர். 1812-ல் ரஷ்யாவின் வலிமையைப் பற்றி ஆங்கிலத்திலேயே நூலெழுதி பாஸ்டனில் வெளியிட்டவர். அமைச்சகத்து அறிக்கைகளில் இந்த மனிதரின் இசையார்வமும் நாடக எழுத்தும் தலைகாட்டுவது அரிது. பாஸ்டன் பத்திரிகைகளின் விளம்பரங்களிலும் நிகழ்ச்சிக் குறிப்புகளிலும்தான் அவை கிடைக்கும்.

எதிர்ப் பக்கத்து ஏட்டையும் அப்படியே நம்பிவிட முடியாது. லாங்கே பெய்ஜிங்கில் காவலர்களால் சூழப்பட்டு, வணிகர்களைச் சந்திக்கவே அனுமதி கேட்டுக் காத்திருந்தவர். அவர் குறிப்பேட்டில் மாதக்கணக்கான இழுபறியாக இருப்பது, அரசவை ஏட்டில் ஒரு வரியாக முடிந்திருக்கலாம், அல்லது இல்லாமலே போயிருக்கலாம். இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் தேதியோடு எழுதி, எதை ஏன் ஏற்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

பணிக்கு முன்னும் பின்னும்

கான்சல் ஆவதற்கு முந்தைய பத்தாண்டுகளைக் குறைத்து எழுதாதீர்கள். கோஷ்கேவிச் 1854-ல் புத்யாத்தினின் 'தியானா' கப்பலில் இருந்தார். அந்த டிசம்பரில் ஷிமோடாவைத் தாக்கிய ஆழிப்பேரலையில் கப்பல் சிதைந்தது. நாடு திரும்பும் வழியில் 1855-ல் கிரிமியப் போரின் எதிரிகளான ஆங்கிலேயரிடம் கைதியாகச் சிக்கினார். அவருடன் ஜப்பானிலிருந்து ரகசியமாக வெளியேறிய தச்சிபானா கோசாய் இருந்தார். இருவரும் அந்தச் சிறைக்காலத்தில் உழைத்த ஜப்பானிய-ரஷ்ய அகராதி 1857-ல் பீட்டர்ஸ்பர்க்கில் அச்சாகி, ரஷ்ய அறிவியல் கழகத்தின் தெமீதவ் பரிசையும் பெற்றது. அடுத்த ஆண்டு அவர் ஹகோடாடேயில் கான்சலாக இறங்கியதை அந்த அகராதி இல்லாமல் விளக்க முடியாது.

ஓய்வுக்குப் பின் தேடல் கடினமாகும். பணிப்பதிவு முடிந்துவிடும், அமைச்சகக் கட்டுகள் வற்றிவிடும். அப்போது பார்க்க வேண்டியவை ஓய்வூதிய விண்ணப்பம், நில ஆவணம், மாகாணப் பிரபுக்கள் சபையின் ஏடு, ஊர்த் தேவாலய இறப்புப் பதிவு. கோஷ்கேவிச் வில்னா மாகாணத்தில் மாலி என்ற சிற்றூரில் குடியேறி 1875-ல் இறந்தார். ஜப்பானிய மொழியின் வேர்கள் பற்றிய அவர் நூல் 1899-ல்தான் வில்னாவில் அச்சானது. லாங்ஸ்டார்ஃப் 1828-ல் அமேசான் பயணத்தில் காய்ச்சலால் நினைவாற்றலை இழந்து, 1852-ல் ஃப்ரைபர்கில் இறந்தார். அவருடைய ஆய்வுப் பயணத்தின் தாள்கள் 1930-ல்தான் லெனின்கிராடில் வெளிச்சத்துக்கு வந்தன, அதுவும் அறிவியல் கழகத்தின் சேகரிப்பில். ஆகவே அமைச்சகக் காப்பகத்தில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தால், அந்த ஆள் வேறு எந்த நிறுவனத்துக்காக உழைத்தார் என்று கேளுங்கள்: தாவரவியல் தோட்டமா, அறிவியல் கழகமா, திருச்சபையா, கடற்படையா. அடுத்த விண்ணப்பத்தை அங்கே அனுப்புங்கள்.